குழி இல்லாத தெரு

நியூ ஜெர்சியில் பனி உருகும் பருவம். நடைபாதையோரம் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓரக்கல்லை டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார் என்றால் ஒன்று அவர் நகராட்சி ஊழியர், இல்லையேல் இந்தக் கட்டுரையாளர். நாயோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர், ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். தெருவை வீட்டுக்கு எடுத்துப்போகிறேன் என்று உண்மையைச் சொல்லவா முடியும்? அசட்டுச் சிரிப்போடு சமாளித்தார்.

கட்டுரையாளரின் பேஸ்மென்ட்டில் 1953-ஆம் ஆண்டு நடந்துகொண்டிருக்கிறது. அது ஒரு மாதிரி ரயில் ஊர், எச்ஓ அளவு, அதாவது 87-இல் ஒரு பங்கு. ரயிலும் தண்டவாளமும் கடையில் கிடைக்கும், கட்டடம் அட்டைப்பெட்டியில் வரும். தெருவும் விற்கிறார்கள்தான், ஆனால் நேற்று மாலைதான் மந்திரி வந்து ரிப்பன் வெட்டியது போலிருக்கும். எனவே சொந்தக் கைவேலை. 12 அடி அகலப் போக்குவரத்துத் தடம் இங்கே 42 மில்லிமீட்டர். ஆறு அங்குல ஓரக்கல் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர். மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடு முதுகு உயர்ந்திருக்க வேண்டும். அந்த உயரம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பேஸ்மென்ட்டில் மழை பெய்யாதே என்று வீட்டம்மா கேட்டது நியாயமான கேள்வி.

முதல் தெருவுக்கு உப்புத்தாள் ஒட்டினார். அரை மில்லிமீட்டர் மணலை 87-ஆல் பெருக்கினால் நாலு சென்டிமீட்டருக்கு மேல் ஜல்லி. அதில் கார் ஓட்டினால் இடுப்பு கழன்றுவிடும். இரண்டாவது, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் குழைத்து ஊற்றி, வழித்துச் சமன்செய்த தெரு. வழவழவென்று வந்தது. தார் கறுப்புதானே என்று அதன்மேல் கன்னங்கரேலென்று பெயின்ட் அடித்தார். பள்ளிக்கூடக் கரும்பலகையைப் படுக்கப் போட்டு அதன்மேல் ஊர் கட்டிய மாதிரி ஆயிற்று. தார் கறுப்பாக இருப்பது புதிதில்தான். வண்டிகள் ஓட ஓட மேல்பூச்சு தேய்ந்து ஜல்லி தலைகாட்டும், வெயிலும் தன் பங்குக்கு வெளுக்கும். நாலைந்து வருஷத்துச் சாலை சாம்பல் நிறம். அதுவரை அம்பது வருஷம் தெருவில் நடந்த மனிதர் இதைக் கவனித்ததே இல்லை.

அப்புறம்தான் முக்கிய வேலை: கெடுப்பது. ஊசியால் விரிசல் கீறி, பென்சிலால் அதில் இருட்டு ஏற்றினார். தடத்தின் நடுவே, எஞ்சின்களிலிருந்து எண்ணெய் சொட்டிய கறை. நடைபாதையில் ஐந்தடிக்கு ஒரு கோடு, மரத்தின் வேர் முட்டித் தூக்கிய பலகை ஒன்று. கடைசியாகக் குழாய்க்குத் தோண்டி மூடிய ஒட்டு. ஊரில் இருந்த காலத்தில், போட்ட ரோட்டை மறுவாரமே தோண்டுகிறார்கள் என்று மனு மேல் மனு எழுதியவர் இவர். இப்போது தானே போட்டு, தானே தோண்டி, ஒட்டு அசலாக வரவில்லையென்று மறுபடியும் தோண்டினார். செலவும் தன்னுடையது.

எல்லாம் முடிந்து, ரயில்வேயில் ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரைப் பெருமையோடு அழைத்துக் காட்டினார். அவர் ரயிலைப் பார்க்கவே இல்லை. நடுக்கோடு ஏன் மஞ்சள்? அமெரிக்காவில் அது 1971-இன் போக்குவரத்து விதிநூலோடு வந்தது, அதற்கு முன் பொதுவாக வெள்ளை. நிறுத்தப் பலகை ஏன் சிவப்பு? 1954-இல்தான் சிவப்பாயிற்று, அதுவரை மஞ்சள். தெருமுனையில் சக்கர நாற்காலிக்குச் சரிவு வைத்திருக்கிறீர்களே, நல்ல மனசு, ஆனால் அது 1990-இன் மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்குப் பிறகு பரவலானது. மஞ்சள் இருந்த இடத்தில் வெள்ளையும், சிவப்பு இருந்த இடத்தில் மஞ்சளும் தீட்டி ஒரு சனிக்கிழமை கழிந்தது.

ஹாம்பர்க்கின் மாதிரி ரயில் காட்சியகமான மினியேச்சர் வுண்டர்லாண்டில் பொம்மைத் தீயணைப்பு வண்டிகள் தாமாகவே தெருவில் ஓடும். சாலைக்குள் புதைத்த இரும்புக் கம்பியை முன்சக்கரத்துக் காந்தம் தொடர்ந்து போகும் உத்தி. இவருக்கு அந்தப் பேராசை இல்லை. இவருடைய குலதெய்வம் மசாசூசெட்ஸின் ஜார்ஜ் செலியோஸ். பெரும் பொருளாதார மந்தநிலைக் காலத்து மாதிரி ஊரைக் கட்டி, அதன் சந்துபொந்துகளில் குப்பையை ஒவ்வொன்றாகப் போட்டுப் புகழ்பெற்றவர்.

ஆகவே இவரும் இரண்டு இரவு இடுக்கியும் கையுமாக, மிளகளவு கசங்கிய செய்தித்தாள்களை ஓரக்கல்லை ஒட்டிப் பரப்பினார். பசை போடுவதைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்தார்.

"என்னங்க, உங்க ஊர்ல ஒரே குப்பை. வேக்குவம் போட்டுட்டேன்" என்றார் வீட்டம்மா, காபியை நீட்டியபடி.

கீழே ஓடிப்போய்த் தெருமட்டத்துக்குக் குனிந்து பார்த்தார். தெரு பளிச்சென்றிருந்தது. அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. முடிதிருத்தும் கடையின் வாசல் நடைபாதையைவிட நாலு மில்லிமீட்டர் மேலே நின்றது. 87-ஆல் பெருக்கினால் ஓரடிக்கு மேல். வெளியே காத்திருந்த பிளாஸ்டிக் கிழவர் கைத்தடியோடு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.