‘ஜி’ மேல் கை வைக்காதீர்கள்!

கடலோரத்தில் ஒரு ராணுவ முகாம். இரும்புத் தொப்பியும் முதுகில் மூட்டையுமாக எட்டுப் பேர் வரிசையில் நிற்கிறார்கள். துப்பாக்கியின் முனை எந்தப் பக்கம் இருக்கலாம், எந்தப் பக்கம் இருக்கவே கூடாது என்று எதிரே நிற்கும் பயிற்சியாளர் பொறுமையாக விளக்குகிறார். மூன்றாவது வாக்கியத்தை அவர் முடிப்பதற்குள் வரிசையின் கோடியிலிருந்து ஏதோ ஒன்று பறந்து வந்து அவர் காலடியில் உருள்கிறது. ‘டொம்!’ பயிற்சியாளர் போய்விட்டார். வரிசையிலும் ஐந்து பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்களில் ஒருவரிடமிருந்து மட்டும் ஈனக்குரல் கேட்கிறது: “சாரி சார், கை தெரியாம ஜி-யில பட்டுடுச்சு.”

போன உயிர்கள் ஒரு நிமிடத்தில் திரும்பி வந்துவிடும் என்பதால் யாரும் பதற வேண்டாம். ‘ஆர்மா 3’ என்னும் கணினி விளையாட்டில் ‘ஜி’யைத் தட்டினால் கையெறிகுண்டு பறக்கும். நடப்பதற்கான விசைகளுக்குப் பக்கத்திலேயே, விரல் கொஞ்சம் நழுவினால் போதும் என்கிற தூரத்தில் அந்த ‘ஜி’ உட்கார்ந்திருக்கிறது. இந்த விளையாட்டை விளையாட்டாக ஆடாமல், நிஜப் படைப்பிரிவு போலவே ஆடும் குழுக்கள் உலகமெங்கும் உண்டு. ‘மிலிட்டரி சிமுலேஷன்’ என்பதைச் சுருக்கி ‘மில்சிம்’ என்பார்கள். புது ஆளுக்கு அங்கே கிடைக்கும் முதல் ஞானம் பெரும்பாலும் இந்த ‘ஜி’தான். வீரம், தியாகமெல்லாம் பிற்பாடு.

செக் நாட்டின் பொஹீமியா இன்டராக்டிவ் நிறுவனம் 2013 செப்டம்பரில் ‘ஆர்மா 3’ஐ வெளியிட்டது. 2001-ல் வந்த ‘ஆபரேஷன் ஃப்ளாஷ்பாயிண்ட்’டிலிருந்து தொடரும் வம்சம் இது. களம் ஆல்டிஸ் என்ற தீவு. சுமார் 270 சதுர கிலோமீட்டர். கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவைப் பார்த்துச் செய்தது. 2012-ல் இந்த நிறுவனத்தின் ஊழியர்கள் இருவர் லெம்னோஸுக்குப் போனார்கள். விடுமுறைக்குப் போனதாக அவர்கள் சொன்னார்கள். ராணுவ இடங்களைப் படம் எடுத்த உளவாளிகள் என்று கிரேக்க அரசு சொன்னது. நான்கு மாதத்துக்கு மேல் கம்பி எண்ணிவிட்டு 2013 ஜனவரியில்தான் ஜாமீனில் வந்தார்கள். போலிப் போர் செய்கிறவர்களுக்கு அசல் சிறை. இவ்வளவு சிரத்தையாகச் செய்த விளையாட்டை ஆடுகிறவர்கள் மட்டும் ஏனோதானோ என்று ஆடிவிட முடியுமா?

சேருவதற்கே விண்ணப்பம் உண்டு. வயது, நாடு, மைக் இருக்கிறதா, வாரத்தில் எந்தெந்த நாள் வர முடியும், எதற்காகச் சேர விரும்புகிறீர்கள் என்று வரிசையாகக் கேள்விகள். பல குழுக்களில் அதன் பிறகு நேர்காணலும் வைப்பார்கள். அதில் தேறினால் தகுதிகாண் காலம். நேரமெல்லாம் ‘ஜூலு’வில் சொல்லப்படும், கிரீன்விச் நேரத்துக்கு ராணுவம் வைத்திருக்கும் பெயர். சனிக்கிழமை ஜூலு இருபது மணி என்று அறிவித்தால் சென்னையிலிருந்து சேர்ந்த நம்மாள் ஞாயிறு அதிகாலை ஒன்றரைக்கு, வீட்டில் யாரும் விழித்துவிடாமல், போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு “எஸ் சார்” என்று கிசுகிசுக்க வேண்டும்.

இதே நம்மாளை அலுவலகத்தில் பார்க்க வேண்டும். தீ விபத்துப் பாதுகாப்பு வீடியோ அரை மணி நேரம் ஓடும். சத்தத்தை அணைத்துவிட்டு இன்னொரு ஜன்னலில் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பார். ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, ‘நெக்ஸ்ட்’, சான்றிதழ். சம்பளம் கொடுத்து நடத்தும் பயிற்சிக்கு இவ்வளவுதான் மரியாதை. சல்லிக்காசு வராத இங்கேயோ நோட்டுப் புத்தகம் வாங்கி, இரண்டு நிறப் பேனாவில் குறிப்பெடுக்கிறார்.

அடிப்படைப் பயிற்சியில் சுடுவது கடைசி. முதலில் நிற்கக் கற்க வேண்டும். இந்த விளையாட்டில் நிற்பது, குந்துவது, படுப்பது ஆகிய மூன்றிலும் உயர நிலை, நடு நிலை, தாழ்ந்த நிலை என்று உட்பிரிவுகள். குட்டிச்சுவருக்குப் பின்னால் எந்தக் குந்தலில் உட்கார்ந்தால் கண் மட்டும் வெளியே தெரியும் என்பதற்கே ஒரு சாயங்காலம் போய்விடும். அடுத்து நடை. இருவருக்கு நடுவே இவ்வளவு இடைவெளி, முதல் ஆள் இடது பக்கம் பார்த்தால் அடுத்த ஆள் வலது பக்கம், கடைசி ஆள் பின்பக்கம். என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குப் பழக்கமான சங்கதிதான், பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரிக் கிழங்கு மட்டும் இங்கே கிடையாது.

உண்மையான பரீட்சை வயர்லெஸ்ஸில். ‘டாஸ்க் ஃபோர்ஸ் ராடியோ’, ‘ஏக்கர்’ என்று தன்னார்வலர்கள் எழுதிய துணை நிரல்கள் உண்டு. அவற்றைப் போட்டுவிட்டால் குரல் நிஜத்தில் போலவே நடந்துகொள்ளும். பக்கத்தில் இருப்பவன் பேசினால் பக்கத்தில் கேட்கும். நடுவே மலை வந்தால் வயர்லெஸ் கரகரக்கும். விசையை அழுத்தாமல் பேசினால் செய்தி தலைமையகத்துக்குப் போகாது, எதிரே இருக்கும் புதருக்குத்தான் போகும். புது ஆட்கள் முதல் வாரம் முழுக்க எதிரியின் இருப்பிடத்தைப் புதர்களுக்குத்தான் தெரிவித்துக்கொண்டிருப்பார்கள். விசை அழுந்தியபடியே மாட்டிக்கொண்டால் கதை வேறு: மொத்தப் படைக்கும் அவர் வீட்டு மிக்ஸி கேட்கும்.

வார்த்தைக்கும் கட்டுப்பாடு உண்டு. காது கேட்கவில்லை என்றால் நாம் சகஜமாக “ரிப்பீட்” என்போம். வயர்லெஸ்ஸில் அது கெட்ட வார்த்தை. பீரங்கிப் படைக்கு ‘ரிப்பீட்’ என்றால் ‘முன்பு போட்ட இடத்திலேயே மறுபடி குண்டு போடு’ என்று பொருள். அமெரிக்க ராணுவ நடைமுறையில் உள்ளதுதான் இது. ஆகவே “சே அகைன்” என்றே கேட்க வேண்டும். சினிமாவில் விமானிகள் ஸ்டைலாகச் சொல்லும் “ஓவர் அண்ட் அவுட்”டுக்கும் இங்கே மதிப்பெண் வெட்டு. ‘ஓவர்’ என்றால் நான் முடித்தேன், நீ பேசு. ‘அவுட்’ என்றால் பேச்சு முடிந்தது, நீ பேசாதே. இரண்டையும் சேர்த்துச் சொல்பவர், “சாப்பிட வாங்க” என்று கூப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்.

மருத்துவப் பயிற்சிக்கு வருவோம். ‘ஏஸ்’ என்ற துணை நிரல் வந்த பிறகு, ஒரு பொட்டலத்தைப் பிரித்ததும் காயம் ஆறிவிடும் பழைய மாயமெல்லாம் போயிற்று. நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். கை காலில் ரத்தம் கொட்டினால் டூர்னிக்கெட் என்னும் பட்டையால் இறுக்க வேண்டும். வலிக்கு மார்ஃபின்; நாடி இறங்கினால் எபிநெஃப்ரின்; ரத்தம் போயிருந்தால் 250, 500, 1000 மில்லி என்று அளவு பார்த்து டிரிப்ஸ்.

இதில் ஒரு கண்ணி உண்டு. நம்மாள் முதல் நோயாளியிடம் அதில் சரியாக விழுந்தார். நோயாளிக்கு இடது கையில் காயம். பட்டையைக் கட்டினார். ரத்தம் நின்றது. வலி என்று முனகியதால் அதே கையில் மார்ஃபின் போட்டார். முனகல் நிற்கவில்லை. இன்னொன்று போட்டார். அப்போதும் நிற்கவில்லை. மூன்றாவதும் போட்டார். ரத்தம் ஓடாதபடி இறுக்கிய கையிலிருந்து மருந்து மட்டும் எப்படி உடம்புக்குள் போகும்? போட்ட மூன்று ஊசியும் முழங்கையிலேயே காத்திருந்தன. கட்டுப்போட்டு முடித்துப் பெருமிதத்தோடு பட்டையைக் கழற்றினார். மூன்றும் ஒன்றாகக் கிளம்பின. எதிரியின் தோட்டாவில் பிழைத்த மனிதர் நம்மாளின் கருணையில் காலமானார். மதிப்பீட்டுத் தாளில் பயிற்சியாளர் எழுதியது: ‘ஆர்வம் அதிகம்.’

சிரிப்பதற்கு முன் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்க ராணுவமே ஆள்சேர்ப்பை மனதில் வைத்து 2002 ஜூலை 4-ல் ‘அமெரிக்காஸ் ஆர்மி’ என்ற இலவச விளையாட்டை வெளியிட்டது. 2022 மே மாதத்தோடு மூடுவிழா. அதில் மருத்துவ வீரர் ஆக வேண்டுமானால் திரையில் உள்ள வகுப்பறையில் உட்கார்ந்து முதலுதவிப் பாடம் கேட்டு, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் தேர்வில் தேற வேண்டியிருந்தது. 2007-ல் வட கரோலைனா நெடுஞ்சாலையில் கவிழ்ந்த வண்டியிலிருந்து இருவரை வெளியே இழுத்தார் ஒருவர். அவர்களில் ஒருவருக்கு விரல்கள் துண்டாகி ரத்தம் கொட்டியது. கையைத் தலைக்கு மேலே தூக்கி அழுத்திப் பிடிக்கச் சொன்னார். முதலுதவியைத் தான் கற்றது அந்த விளையாட்டின் வகுப்பறையில் என்றார் அவர். அதே விளையாட்டில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. பாடம் போரடிக்கிறதே என்று பயிற்சி சார்ஜென்ட்டைச் சுட்டால், அடுத்த காட்சியில் ஆட்டக்காரர் ஃபோர்ட் லெவன்வொர்த் ராணுவச் சிறையில் உட்கார்ந்திருப்பார். நம் பள்ளி ஆசிரியர்கள் கேள்விப்பட்டால் பொறாமைப்படுவார்கள்.

எல்லாத் தகுதிகளிலும் உச்சம் ஹெலிகாப்டர் விமானி. எல்லாரும் ஆசைப்படுவார்கள், தேறுகிறவர்கள் சிலர். ஹெலிகாப்டரை மேலே கிளப்ப யாராலும் முடியும். இறக்குவதில் இருக்கிறது சூட்சுமம். 2014-ல் வந்த மேம்பட்ட பறக்கும் முறையில், வேகத்தைக் குறைத்துக்கொண்டு செங்குத்தாகச் சட்டென்று இறங்கினால், தன் விசிறி கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ஹெலிகாப்டர் மாட்டிக்கொள்ளும். பயந்துபோய் எஞ்சின் சக்தியைக் கூட்டினால் இன்னும் வேகமாக விழும். முன்னால் நகர்ந்து அந்தக் காற்றைவிட்டு வெளியே வர வேண்டும். நிஜ விமானிகளுக்கும் இதே ஆபத்து, இதே வைத்தியம். தேர்வு நாளில் பின்னால் பத்துப் பேரை ஏற்றி உட்கார வைத்துவிடுவார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டுப் போடும்போது பின் சீட்டில் மாமனார் குடும்பமே உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி.

இப்படி விழுந்த ஹெலிகாப்டர் எங்கே போய்ச் சேரும் என்றும் சொல்ல முடியாது. ‘ஆர்மா 3’ காட்சிகளை நிஜப் போர்க் காட்சி என்று பரப்புவது அதிகமாகி, 2022 நவம்பரில் பொஹீமியா நிறுவனமே அறிக்கை விட வேண்டியதாயிற்று. படம் மங்கலாக, ஆடிக்கொண்டு, இருட்டில் எடுத்தது போல் இருந்தால் சந்தேகப்படுங்கள் என்றது. நம்மாளின் தேர்வுத் தோல்வி என்றைக்காவது குடும்ப வாட்ஸப் குழுவில் ‘பிரேக்கிங் நியூஸ்’ ஆகி, பெரியப்பாவே அதை அவருக்கு அனுப்பிவைக்கும் நாள் வரலாம்.

ஆறு வாரம் கழித்து முதல் போர் வந்தது. துணை நிரல்கள் சரியாக ஏறி எல்லாரும் உள்ளே வர முக்கால் மணி. வரைபடத்தை வைத்துத் திட்ட விளக்கம் அரை மணி. ஆயுதப் பரிசோதனை, வயர்லெஸ் பரிசோதனை. ஹெலிகாப்டரில் இருபது நிமிடம். இடைவெளி விட்டு, வலது பக்கம் பார்த்துக்கொண்டு, சரியான குந்தலில் நம்மாள் இறங்கினார். எங்கிருந்தோ ஒரே ஒரு சத்தம். திரை கறுத்தது. ஒரு தோட்டாகூடச் செலவழிக்கவில்லை. அடுத்த ஒன்றரை மணி நேரமும் தன் குழு என்ன செய்கிறது என்பதை ஆவியாகச் சுற்றிவந்து பார்த்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு, போருக்குப் பிந்தைய ஆய்வுக் கூட்டத்தில் குறையேதும் உண்டா என்று கேட்டபோது, “இறங்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் புகை போட்டிருக்கலாம்” என்று ஜெனரல் தோரணையில் சொன்னார். பதிவேட்டில் ஏறியது: வருகை ஒன்று.

வருகைகள் சேர்ந்தன. வர முடியாத வாரங்களுக்கு முறையாக விடுப்புக் கடிதம் கொடுத்தார். அலுவலகத்தில் அவர் ஒரு குறுஞ்செய்தியோடு முடித்துக்கொள்ளும் விஷயம் அது. பெயருக்கு முன்னால் கார்ப்பரல் வந்தது, பெயருக்குப் பக்கத்தில் வண்ணப் பட்டை வந்தது. மருத்துவத் தேர்வை மூன்றாம் முறையில் முடித்தார். ஒருநாள் அவரையே பயிற்சியாளர் ஆக்கினார்கள்.

அதே கடலோர முகாம், எதிரே எட்டுப் புதியவர்கள். நம்மாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “முதல் விஷயம். கீபோர்டில் ஜி-ன்னு ஒரு விசை இருக்கு. அதை மட்டும் யாரும்…”

எங்கே இருக்கிறது என்று எட்டுப் பேரும் குனிந்து தேடினார்கள். ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்.

புகை அடங்குவதற்குள், பக்கத்துக் கூடாரத்தில் நோயாளி இல்லாமல் ஒரு மணி நேரமாகக் காத்திருந்த மருத்துவ மாணவர்கள் இரண்டு பேர், டிரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாக ஓடிவந்தார்கள். அவர்களுக்கு அன்றைக்குத் தேர்வு.