நண்டு ஏன் கத்துவதில்லை?

கே: விலங்கு வெறும் எந்திரம் என்று ஒரு மேதை சொன்னாராமே?

ப: பிரெஞ்சுத் தத்துவஞானி டெகார்ட். ஆனால் 1649-இல் ஆங்கிலத் தத்துவஞானி ஹென்றி மோருக்கு எழுதிய கடிதத்தில், விலங்குக்குச் சிந்தனை இல்லை என்றும் நிரூபிக்க முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். சீடர்கள் அந்தக் கடிதத்தைப் பிரிக்கவில்லை போலிருக்கிறது.

கே: எங்கள் நாய் கண்ணாடியைப் பார்த்துக் குரைக்கிறது. ‘நான்’ என்ற நினைப்பே அதற்குக் கிடையாதா?

ப: 1970-இல் உளவியலாளர் கார்டன் கேலப், சிம்பன்சிகளை மயக்கி, புருவத்தில் சிவப்புச் சாயம் தடவி, பிறகு கண்ணாடி காட்டினார். கண்ணாடியில் தெரிவது தாமே என்று புரிந்ததுபோல, அவை தங்கள் புருவத்தைத் தொட்டுப் பார்த்தன. நாய்கள் இதில் தேறவில்லை. மூக்கால் வாழும் பிராணிக்குக் கண்ணால் பரீட்சை வைத்தால்? 2017-இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ், நாயின் சிறுநீரிலேயே வேறு வாசனை கலந்து அதன் முன் வைத்தார். கலப்படத்தைத்தான் அதிக நேரம் முகர்ந்தது. இதே பரீட்சையை நாய் நமக்கு வைக்காதவரை நம் மானம் தப்பும்.

கே: தேனீ விளையாடுமா? அதுதான் எப்போதும் வேலையாக இருக்குமே!

ப: 2022-இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் பம்பிள்பீ என்ற குண்டுத் தேனீக்களுக்குச் சின்ன மரப்பந்துகளை வைத்தார்கள். சாப்பாட்டுக்கு நேர்வழி இருந்தும் விலகிப்போய்ப் பந்து உருட்டின. பரிசு எதுவும் கிடையாது. ஒரு தேனீ 117 தடவை! சிறுசுகள்தான் அதிகம் உருட்டின, அங்கேயும் அப்படித்தான்.

கே: அடுத்த பிறவியில் வௌவாலாகப் பிறந்தால் எப்படி இருக்கும்?

ப: தத்துவஞானி தாமஸ் நேகல் 1974-இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். தலைகீழாகத் தொங்குவதாக நீங்கள் கற்பனை செய்யலாம். ஆனால் அது தொங்கும் உங்கள் அனுபவம், வௌவாலுடையது அல்ல.

கே: கொதிநீரில் போட்டாலும் நண்டு கத்துவதில்லையே. வலித்தால் கத்தாதா?

ப: கத்தக் குரல்வளை வேண்டுமே! சுட்டதும் காலை இழுப்பது அனிச்சைச் செயல். வலியை அதை வைத்து முடிவு செய்ய முடியாது. பெல்பாஸ்டில் ராபர்ட் எல்வுட், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுகளுக்கு லேசாக மின்சாரம் பாய்ச்சினார். பிடிக்காத சங்கில் இருந்தவை அதிகமாக வெளியேறின. பிடித்த சங்கில் இருந்தவை, நல்ல வீடு கிடைத்த வாடகைக்காரர் ஓனரின் தொல்லையைப் பொறுப்பதுபோலப் பொறுத்துக்கொண்டன. தண்ணீரில் எதிரியின் வாடை இருந்தாலும் வெளியே வரத் தயங்கின. இப்படி எடைபோட்டுப் பார்ப்பது அனிச்சைச் செயலில் சேராது. பிரிட்டனின் 2022 சட்டம் நண்டு, இறால், ஆக்டோபஸ் எல்லாவற்றையும் உணர்வுள்ள உயிர்கள் என்று ஏற்றது. உயிரோடு இருக்கும் லாப்ஸ்டரை மயக்காமல் கொதிநீரில் போட சுவிட்சர்லாந்து 2018-இலேயே தடை போட்டுவிட்டது.

கே: அமெரிக்காவில் யானை வழக்குப் போட்டதாமே?

ப: யானைக்காக ஓர் அமைப்பு போட்டது. நியூயார்க் பிராங்ஸ் மிருகக்காட்சிச் சாலையில் இருந்த ஹேப்பி, கண்ணாடியைப் பார்த்து, தன் கண்ணுக்கு மேல் வரைந்த வெள்ளைக் குறியைத் துதிக்கையால் திரும்பத் திரும்பத் தொட்ட யானை. அதன் சார்பில் ஆட்கொணர்வு மனு! கண்ணாடியில் தேறியது கோர்ட்டில் தேறவில்லை. 2022-இல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 5-2 என்று தள்ளுபடி செய்தது. ஆனாலும் இரண்டு நீதிபதிகள் யானை பக்கம் நின்றார்கள். அதே கோர்ட்டுக்கு வரும் அடுத்த யானைக்கு இன்னும் இரண்டே ஓட்டு போதும்.