குற்றாலத்தில் குளிப்பது எப்படி? பென்னலூர் ஷிஃப்ட் தொழிலாளருக்கான செயல்முறைக் குறிப்பு

ஆவண எண்: குளி/01. திருத்தம்: நான்கு. (முதல் மூன்றும் நனைந்துபோயின.)

நோக்கம்

எங்கள் லைன் இன்ஜினியர் பயிற்சிக்காக ஹங்கேரி போய்விட்டு வந்தார். வந்த நாள் முதல் கேன்டீனில் சாம்பார் வாங்கும் வரிசையில்கூட புடாபெஸ்ட் குளியல் புராணம்தான். சேச்செனி என்று ஒரு குளியல் மாளிகையாம், 1913இல் திறந்ததாம். மஞ்சள் சுவர், தூண், குவிமாடம், உள்ளே குளம் குளமாக வெந்நீர். பூமிக்குள் 1,200 மீட்டருக்கும் கீழேயிருந்து 70 டிகிரிக்கு மேல் கொதித்து வரும் தண்ணீரைப் பதமாக்கி விடுகிறார்கள். சுற்றிலும் பனி கொட்ட, மார்பளவு வெந்நீரில் நின்றபடி பெரியவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்கப்பா இருக்கு?" என்றார்.

நம்ம ஊர் என்றால் பென்னலூர். ஏரி இருக்கிறது, பெங்களூர் நெடுஞ்சாலை இருக்கிறது, இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிறது. குளிக்க இருப்பது, எட்டுப் பேருக்கு ஒரு பாத்ரூமும் அதில் ஒரு உடைந்த மக்கும். சரிதான். ஆனால் 'ஸ்பா' என்பதே பெல்ஜியத்தில் உள்ள ஒரு ஊற்று ஊரின் பெயர்; அந்தப் பெயரைத்தான் சுற்றுலாக் கையேடுகள் குற்றாலத்துக்கு 'தென்னாட்டின் ஸ்பா' என்று சூட்டியிருக்கின்றன. ஆக, நம்மிடமும் இருக்கிறது. மெஷின்தான் வேறு மாடல். அதை இயக்கும் முறை கீழே.

இந்த ஆவணம் யாருக்குப் பொருந்தாது

வெந்நீர்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு. அவர்கள் திருகோணமலை பக்கம் கன்னியாவுக்குப் போகலாம். ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாயின் இறுதிக் கடனுக்காக இராவணன் நிலத்தைக் குத்தி எடுத்த ஊற்று என்பது கதை. உள்ளே இறங்க முடியாது. வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். அதாவது பென்னலூர் பாத்ரூம் முறையேதான், கொஞ்சம் சூடாக.

இங்கிலாந்தில் 'பாத்' என்றே பெயர் கொண்ட ஊர் இருக்கிறது. ரோமானியர் கட்டிய பெரிய குளத்தில் பச்சைத் தண்ணீர் ஆவி பறக்க நிற்கிறது. அதில் குளிக்கத் தடை. குளியல் என்று பெயர் வைத்துவிட்டுக் குளிக்கக் கூடாது என்பவர்களோடு நமக்கென்ன பேச்சு?

படி 1: தண்ணி விழுதா?

ஜூன் பிறந்தால் தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக உள்ளே நுழையும். மலைமேல் மழை, கீழே சாரல், நடுவில் வெயில். செப்டம்பர் வரை இதுதான் சீசன். நாள் குறிப்பதற்குமுன் ஒரு தென்காசிக்காரரைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஷாப்பிலும் ஒருவர் இருப்பார். இல்லாவிட்டால் செக்யூரிட்டி அறையில் இருப்பார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "தண்ணி விழுதா?" பதிலை இப்படிப் படிக்கவும்.

"லேசா விழுது": பாறை நனைந்திருக்கிறது. போகாதீர்கள்.

"நல்லா விழுது": லீவு எழுதுங்கள்.

"ஆர்ச்சத் தாண்டி விழுது": பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு உண்டு. தண்ணீர் அதைத் தாண்டிக் கொட்டினால் போலீஸ் யாரையும் உள்ளே விடாது. நீங்கள் போய்ச் சேர்ந்ததும் தூரத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பலாம்.

படி 2: லீவு

காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த ஊர்' என்று எழுதவும். காஞ்சிபுரத்துக்காரருக்குத் தென்காசி எப்போது சொந்த ஊரானது என்று சூப்பர்வைசர் கேட்பார். வாங்கப்போகும் நேந்திரங்காய் சிப்ஸில் அரைக் கிலோவை இப்போதே அவர் பெயருக்கு ஒதுக்கிவிடுவது முன்னெச்சரிக்கை நடவடிக்கை.

படி 3: பயணம்

அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். வேன் எடுக்கலாம், ஆனால் வேனில் பாட்டுப் போடும் அதிகாரம் யாருக்கு என்ற சண்டை விழுப்புரத்தில் தொடங்கும், மதுரையிலும் முடியாது. பொதிகை எக்ஸ்பிரஸ் நல்லது. ஷிஃப்ட் முடித்து தாம்பரத்தில் ஏறினால், விடிந்து பார்க்கும்போது ஜன்னலுக்கு வெளியே மலை ஓடிவரும். தென்காசியில் இறங்கியதும் முகத்தில் அடிக்கும் காற்றை ஏசி என்று நினைத்துப் பக்கத்தில் எங்கே சுவிட்ச் என்று தேடினான் எங்கள் அப்ரென்டிஸ் பையன். அங்கிருந்து பஸ்ஸில் குற்றாலம் எட்டிப்பிடிக்கும் தூரம்.

படி 4: லாக்கர்

சேச்செனியில் கையில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்களாம்; காட்டினால் லாக்கர் திறக்குமாம். குற்றாலத்தில் அதைவிடப் பழைய தொழில்நுட்பம் இருக்கிறது. குழுவில் சளி பிடித்த ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர்தான் லாக்கர். எல்லார் பேன்ட், சட்டை, செல்போன், ஐடி கார்டு அனைத்தையும் மடியில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார்.

இந்த லாக்கரை உடைக்கும் திறமை குரங்குக்கு மட்டும்தான் உண்டு. பிஸ்கெட் பாக்கெட்டின் சத்தம் அதற்கு நூறடி தள்ளியே கேட்கும். திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி எழுதியபோதே இந்தக் கூட்டத்துக்குத் தனி மரியாதை கொடுத்து வைத்துவிட்டார்; நாம் அதில் தலையிடக் கூடாது.

படி 5: எண்ணெய்

ஜாபை மெஷினில் ஏற்றுவதற்குமுன் ஆயில் போடுவது நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் எண்ணெயோடு அருவிக்குள் போகக் கூடாது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு மூன்றையும் அருவியில் பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2014இல் தடை போட்டது. ஆகவே மசாஜை அறையிலேயே முடித்து, சீயக்காய் போட்டு அலசிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

மசாஜ் அண்ணாச்சி நல்லெண்ணெயை உள்ளங்கையில் குழித்து உச்சந்தலையில் வைத்ததும் பேச்சைத் தொடங்குவார். "எந்தூரு?" "பென்னலூர்." "அது எங்க கெடக்கு?" "ஸ்ரீபெரும்புதூர் பக்கம்." "கார் கம்பெனியா? அதான் தோளு இரும்பா இருக்கு." அதற்குப் பிறகு முதுகில் ஒரு தாளம் விழும். வலித்தால் கத்தக் கூடாது. பக்கத்துப் பாயில் படுத்திருப்பவர் கத்தவில்லை என்பதை நினைவில் கொள்ளவும். அவருக்குத் தூக்கம் வந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

படி 6: உள்ளே நுழைதல்

பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம். அத்தனையும் நேராகத் தலையில் விழுந்தால் நாம் ஸ்கிராப். நடுவழியில் பொங்குமாங்கடல் என்றொரு பள்ளம் தண்ணீரை வாங்கி, பொங்கவைத்து, பிறகு விடுகிறது. மலை தானே வைத்துக்கொண்ட ஷாக் அப்சார்பர் அது.

"கொஞ்சம் தள்ளுங்கண்ணா" என்று கேட்டுப் பயனில்லை. அங்கே யாருக்கும் எதுவும் கேட்காது. பக்கவாட்டில், ஒரு தோளை மட்டும் முன்னே விட்டு நுழைய வேண்டும். மூன்றாவது முழங்கை இடித்த இடத்தில் ஒரு கம்பி கைக்கு வரும். அதைப் பிடித்தால் உங்கள் ஸ்டேஷன் உறுதியாகிவிட்டது. கால் கட்டைவிரலால் பாறையை ஊன்றி, முகத்தைக் கீழே கவிழ்த்து, தாடைக்குக் கீழே உள்ள சின்ன இடைவெளியில் மூச்சு விடவும். நிமிர்ந்து பார்த்தவர்கள் உடனே வெளியேறிவிடுவார்கள். அவர்களால் நமக்குக் கிடைக்கும் இடம் ஒன்றரை அடி.

பெண்களுக்குத் தனி இடம். அங்கே நடப்பது பற்றி எங்கள் ஊர் ஹாஸ்டல் அக்காக்கள் சொன்ன ஒரே தகவல்: நைட்டியும் துப்பட்டாவுமாக உள்ளே போனவர்கள், கூட்டிவந்த அண்ணன்மார் இரண்டு டீ குடித்து முடித்தும் வெளியே வரவில்லை.

படி 7: நிற்றல்

இதுதான் முக்கியமான படி. இதில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை.

புடாபெஸ்டில் நிறைய வேலை இருக்கிறது. இந்தக் குளத்தில் கொஞ்ச நேரம், அந்தக் குளத்தில் கொஞ்ச நேரம், நீச்சல் குளத்தில் இறங்க ரப்பர் தொப்பி, பிறகு நீராவி, பிறகு ஐஸ் தண்ணீர். இன்ஜினியருக்கு அது பிடித்ததில் ஆச்சரியமில்லை. அதுவும் ஒரு புராசஸ் சார்ட். குற்றாலத்தில் அப்படியில்லை. வருஷம் முழுக்க நாம் ஆபரேட்டர். பட்டனை அழுத்துவோம், பிரஸ் இறங்கும், தகடு கதவாகும்; அடுத்த தகடு வரும். அருவிக்கு அடியில் மட்டும் நாம் ஜாப். ஆபரேட்டர் தண்ணீர். அது தட்டும், வளைக்கும், தோளில் ஏறி உட்காரும். இத்தனை வினாடிக்கு ஒன்று என்ற டாக்ட் டைமும் அதற்குக் கிடையாது.

பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இயர் பிளக் போட்டாலும் அந்த 'டொம்' காதுக்குள்ளே தங்கிவிடும். அறைக்கு வந்து படுத்தபிறகும், ஃபேன் சத்தத்துக்கு நடுவே, எண்ணிக்கொண்டே இருக்கும். அருவிக்கு அடியில் நின்ற முதல் நிமிஷத்திலும் அது கேட்டது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம் அதன்மேல் ஏறி, இரண்டும் ஒன்றாகி, எப்போது போனதென்று தெரியாமல் போய்விட்டது. வெளியே வந்து துண்டைத் தேடும்போதுதான் கவனித்தேன். அன்றைக்கு ரூமில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது.

எமர்ஜென்சி ஸ்டாப்

விசில் ஊதினால் வெளியே வர வேண்டும். இதில் மட்டும் நகைச்சுவை கிடையாது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து, பதினேழு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. இங்கே வெயிலடித்தாலும் மேலே மழை கொட்டும். தண்ணீர் கலங்கி வந்தால் அதுதான் சிவப்பு விளக்கு. லைனில் சிவப்பு பட்டனைத் தொட்டவனை யாரும் கேலி செய்வதில்லை. இங்கேயும் அப்படியே.

படி 8: சாப்பாடு

குளித்தவனின் பசி வேறு ரகம். செங்கோட்டை பக்கம் பிரானூருக்குப் போனால் பார்டர் கடைப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் இருக்கின்றன. இலையில் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றியபின் எண்ணிக்கை வைத்துக்கொள்ள வேண்டாம். இது இன்வென்டரி அல்ல.

சாப்பிட்டபின் பேச்சு. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்த காலத்தில் ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வருவார்கள். அவர்கள் கம்பனைப் பேசினார்கள். நாங்கள் சம்பள ஒப்பந்தத்தைப் பேசினோம். இரண்டிலும் உருக்கம் உண்டு.

கோளாறும் தீர்வும்

செருப்பு ஒன்று காணோம்: இன்னொன்றையும் அங்கேயே விட்டுவிடுங்கள். எடுத்தவருக்காவது ஜோடி சேரட்டும்.

பேரருவியில் கூட்டம்: ஐந்தருவிக்குப் போங்கள். ஐந்து கிளையிலும் கூட்டம் என்றால் புலியருவி. அங்கே குழந்தைகள் இருப்பார்கள், அவர்களிடம் கெஞ்சலாம்.

லாக்கருக்குச் சளி சரியாகிவிட்டது: குழுவுக்குப் பெரிய இழப்பு. அடுத்த லாக்கரை உடனே நியமிக்கவும்.

இறுதி ஆய்வு

திரும்பி வந்து திங்கள்கிழமை காலை, ஏ ஷிஃப்ட் கம்பெனி பஸ்ஸுக்காகப் பென்னலூர் நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். சிப்ஸ் பொட்டலம் சூப்பர்வைசருக்கு, மங்குஸ்தான் இன்ஜினியருக்கு. காதுக்குள் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருப்பதுபோல் அடைப்பாக இருக்கும். தலையைச் சாய்த்து, ஒற்றைக் காலில் குதித்து அதை வெளியேற்றும் வழி எல்லாருக்கும் தெரியும். அவசரப்படாதீர்கள். முதல் பிரஸ் இறங்கும் வரைக்காவது இருக்கட்டும்.