வீட்டுப் பீ.எச்.ஐ.

1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், கடைக்குள்ளும் ஹோட்டலுக்குள்ளும் புகுந்து சோதனை போடும் அதிகாரத்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு (பீ.எச்.ஐ.) கொடுத்திருக்கிறது. வீட்டுக் குசினிப் பக்கம் அவர் வருவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவென்றே கண்டிப் பக்கத்துப் பிலிமத்தலாவையில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார். சம்பளம் கிடையாது; சீருடை, சாரமும் பெனியனும்தான். விறாந்தையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர், பிரீசர் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து வந்துவிடுவார். கறிக்கு எடுத்தது போக மிஞ்சிய பச்சைக் கோழியை மருமகள் திரும்ப உள்ளே வைக்கப் போனால் தீர்ப்புத் தயார். "வைக்காதீங்க மகள். ஒருக்கா ஐஸ் கரைஞ்ச இறைச்சி திரும்ப உறைஞ்சா நஞ்சு." "ராத்திரியிலருந்து பிரிட்ஜுக்குள்ளதானே மாமா இருந்திச்சு?" "எங்க இருந்தா என்ன, சட்டம் சட்டம்தான்." அடுத்த வீட்டுப் பூனைக்கு அன்று விருந்து.

இந்தச் சட்டத்தை எங்கே படித்தீர்கள் என்று அவரிடம் கேட்கக்கூடாது. கேட்டாலும் பதில் வராது. இறைச்சியை நஞ்சாக்கும் வேலையை உறைதல் செய்வதில்லை. பிரீசரின் மைனஸ் 18 பாகையில் கிருமிகள் பெருகாமல் அடங்கிக் கிடக்கின்றன. பெரும்பாலானவை சாவதுமில்லை. ஐஸ் கரைந்ததும், விட்ட இடத்திலிருந்து தொடங்குகின்றன. எவ்வளவு பெருகும் என்பதை, எந்தச் சூட்டில் எத்தனை நேரம் கிடந்தது என்பதுதான் தீர்மானிக்கிறது. இரண்டாம் முறை உறைய வைப்பதால் ஒரு கிருமிகூடக் கூடுவதில்லை. அதனால்தான், 4 பாகைக்கு மேற்படாத பிரிட்ஜுக்குள் வைத்து ஐஸ் கரைத்த பச்சை இறைச்சியைத் திரும்ப உறைய வைக்கலாம் என்று அமெரிக்க விவசாயத் திணைக்களம் சொல்கிறது. கோழியென்றால் கரைந்து ஓரிரு நாளுக்குள், மாட்டிறைச்சித் துண்டென்றால் மூன்று முதல் ஐந்து நாளுக்குள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல், 32 பாகையைத் தாண்டிய வெயில் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது என்றால் கூடாது. தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ கரைத்ததைச் சமைத்த பிறகுதான் உறைய வைக்க வேண்டும். குற்றம் நடப்பது ஐஸ் கரைக்கும் இடத்தில். நம் பரிசோதகர் காவல் நிற்பதோ பிரீசர் வாசலில்.

அந்தக் குற்றம் அவர் கண்முன்னாலேயே நடக்கிறது. காலை ஆறு மணிக்கு வெளியே எடுத்த கோழி சிங்க் ஓரத்தில் ஷொப்பிங் பேக்கோடு கிடக்கிறது. பத்து மணிக்கு, சிவந்த தண்ணீர் பேக்கின் மூலையில் தேங்கி, பிளேன்டீக் கோப்பை வைக்கும் இடத்துக்கு மெல்ல ஓடி வருகிறது. (அது இரத்தமில்லை, தசையிலிருக்கும் மயோகுளோபின் கலந்த நீர்.) இவர் கோப்பையை நகர்த்தி வைத்துக்கொண்டு, "நம்ம கண்டிக் குளிருக்கு ஒண்டும் ஆகாது" என்கிறார். கண்டி குளிர்வது கொழும்பிலிருந்து வருகிறவர்களுக்குத்தான். இங்கே பகலில் 28 பாகை சாதாரணம்; விடியற்காலைக் குளிர்கூட 4 பாகைக்குக் கிட்டே வராது. நடுவில் ஐஸ் கட்டியாக இருக்கும்போதே மேல்தோல் குசினிச் சூட்டுக்கு வந்துவிடும். வாய்ப்பான சூட்டில் கிருமி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று 512 ஆவதற்கு மூன்று மணி நேரம் போதும்.

இவர் தன் சட்டத்தைத் தானே மீறுகிற நாளும் உண்டு. போயாவுக்கு இறைச்சிக்கடை பூட்டு என்பதால், முதல் நாளே கண்டி டவுனில் உறைந்த புரொயிலர் கோழி இரண்டை வாங்கி பஸ் ஏறுவார். பேராதனை நெரிசலைக் கடந்து, பித்தளைச் சாமான் கடைகளைத் தாண்டி வீட்டுக்கு வரும்போது கோழி அமுக்கினால் குழியும். நேரே பிரீசருக்குள் போகும். அது மறுமுறை உறைதல் ஆகாதா? ஆகாதாம், கடையில் உறைந்தது கடைக் கணக்கு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டியபோது இவருடைய ஆட்சி உச்சத்துக்குப் போனது. நிறைந்த பிரீசர் கதவு திறக்காமல் இருந்தால் 48 மணி நேரமளவில் குளிரைப் பிடித்து வைத்திருக்கும், பாதி நிறைந்தது 24 மணி நேரம். இறைச்சியில் ஐஸ் படிகம் தெரிந்தால் தாராளமாகத் திரும்ப உறைய விடலாம். இவரோ கெட்டுவிட்டதா என்று பார்க்க அரை மணிக்கொருமுறை கதவைத் திறந்து, அதைக் கெடுத்தே காட்டினார்.

இவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிரித்தானிய உணவுத் தர முகவரகம், கரைந்த பச்சை இறைச்சியைத் திரும்ப உறைய வைக்காதீர்கள், சமைத்துவிட்டு வையுங்கள் என்றே சொல்கிறது. எந்த வீட்டில் எப்படிக் கரைத்தார்கள் என்று விசாரிக்க முடியாத ஒரு நாட்டுக்கே ஒரே வரியில் அறிவுரை சொல்வதானால் அப்படித்தான் சொல்ல முடியும். எப்படிக் கரைந்தது என்று தெரியாத இறைச்சிக்கு இவருடைய சட்டமே சரி. ருசி விஷயத்திலும் இவர் தோற்கவில்லை. வீட்டுப் பிரீசர் மெதுவாக உறைய வைப்பதால் பெரிய பெரிய ஐஸ் படிகங்கள் தசையைக் கிழிக்கின்றன. இரண்டாம் முறை சாறு இன்னும் வடிந்து இறைச்சி சக்கையாகும். ஆனால் சக்கை வேறு, நஞ்சு வேறு. "நாங்கதான் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சுறமே, எல்லாம் செத்துப் போகும்" என்று சிங்க் ஓரத்துக் கோழிக்கு இவர் வாதாடுவதைத்தான் ஏற்க முடியாது. ஸ்டெபிலோகொக்கஸ் என்ற கிருமி செத்தாலும் அது விட்டுப்போன நச்சு கொதியில் அழியாது.

இவரைப் பதவி நீக்க யாராலும் முடியாது, தேவையுமில்லை. ஒரு பிரிட்ஜ் வெப்பமானி வாங்கிக் கையில் கொடுத்துவிடுங்கள், 4 பாகை தாண்டினால் சத்தம் போடட்டும். இறைச்சி வந்த அன்றே ஒருநேரக் கறிக்கு அளவாகப் பிரித்துக் கட்டுவதும், நாளைய கோழியை இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு பீங்கானில் இறக்கி வைப்பதும் இனி அவர் பொறுப்பு.