ஒன்பது கட்டமும் ஒரு ருத்திராட்சப் பூனையும்

மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு முன்னால் நிற்கிற கூட்டம் யானையைத்தான் படம் எடுக்கும். யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனை தவம் செய்கிறது. முன்னங்கால்கள் தலைக்கு மேலே, காலடியில் எலிகள். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிக்கு நம் பொதுவாழ்க்கை அத்துப்படி. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் அங்கே வந்து நின்றார்கள். பூனை கையை இறக்கவில்லை.

அந்தப் பூனைக்கு என்ன குணம் எழுதுவது? அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு விளையாட்டு இருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974-ல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு வேடம் கட்டுவார்கள். வேடத்துக்கொரு தாள். அதில் பலத்துக்கு எண், புத்திக்கு எண், ஒழுக்கத்துக்கு ஒரு கட்டம். சட்டத்தை மதிப்பவனா, மீறுபவனா, இரண்டுங்கெட்டானா? நல்லவனா, கெட்டவனா, நடுவாந்திரமா? எழுபதுகள் முடிவதற்குள் மூன்றுக்கு மூன்று, ஒன்பது கட்டம் ஆகிவிட்டது. விடிய விடியக் கூத்து ஆடியும் கர்ணன் நல்லவனா கெட்டவனா என்று முடிவு கட்டாத ஊர்க்காரர்களுக்கு இது சிரிப்பாகத்தான் இருக்கும்.

இருந்தாலும் அதில் ஒரு நேர்மை உண்டு. ‘பாலடின்’ என்றொரு தர்மவீரன். தெரிந்தே ஒரு தீமை செய்தால், பழைய விதிப்படி, அவன் சக்தி பறிபோகும். தீயவனைக் கண்டுபிடிக்க ஒரு மந்திரமும் வைத்திருக்கிறார்கள். நமக்கு மந்திரம் எதற்கு? வேட்பாளரே பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தருகிறார். 2024-ல் மக்களவைக்கு வென்ற 543 பேரில் 251 பேர், தங்கள்மீது கிரிமினல் வழக்கு இருப்பதாகத் தாங்களே கையெழுத்துப் போட்டுச் சொன்னவர்கள். சக்தி பறிபோயிற்றா? பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார்கள்.

வழக்கு இருந்தால் குற்றவாளியா, நிரூபிக்கும்வரை நிரபராதி அல்லவா என்பார்கள். அட்டகாசமான சட்டம். அது யாருக்குச் செல்லும், யாருக்குச் செல்லாது என்பதுதான் கேள்வி.

விளையாட்டின் அசிங்கமான பக்கத்துக்கு வருவோம். அதில் ‘ஓர்க்’ என்று ஓர் இனம். ஓர்க்காகப் பிறந்தாலே பொல்லாதவன். புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது. ஓர்க் குழந்தையை வெட்டலாமா கூடாதா என்று வளர்ந்த ஆட்கள் பல ஆண்டுகள் சண்டை போட்டிருக்கிறார்கள். கடைசியில் 2020-ல், ஓர் இனத்தையே பிறவிப் பொல்லாதவர்களாகக் காட்டியது தவறு, நிஜ மனிதர்களை இழிவுபடுத்திய அதே பாணி இது என்று வெளியீட்டு நிறுவனமே ஒப்புக்கொண்டது.

நாம் அந்த விதிப்புத்தகத்தை 1871-லேயே அச்சடித்துவிட்டோம். பகடை இல்லாமல். பெயர், குற்றப் பரம்பரைச் சட்டம். 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கு வந்தது. கள்ளர், குறவர் என்று சாதி சாதியாகக் கட்டத்தில் அடைத்தார்கள். திருடியவன் மட்டுமல்ல, திருடாதவனும் ரேகை வைக்க வேண்டும். வெளியூர் போனால் சீட்டு வாங்க வேண்டும். ராத்திரி காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கி பேசியது. 1947-ல் சென்னை மாகாணம் சட்டத்தை நீக்கியது. 1948-ல் வழக்கமான குற்றவாளிகள் சட்டம் கொண்டுவந்தது. ஒரு வருடம்கூடக் கட்டத்தைக் காலியாக வைக்க மனம் வரவில்லை.

1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் குறவர் ராஜாக்கண்ணுவைத் திருட்டுச் சந்தேகத்தில் இழுத்துப் போனார்கள். உயிரோடு திரும்பவில்லை. அந்த வழக்கிலிருந்து பிறந்த ‘ஜெய்பீம்’ படம் 2021 நவம்பர் 2-ல் வந்தது. ஊரே அழுதது. வீட்டில் உட்கார்ந்து அழுவதற்குச் செலவு இல்லை.

அதற்குச் சில நாள் முன்னால்தான் மாமல்லபுரம் தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானத்தில் தங்களை உட்கார விடாமல் விரட்டினார்கள் என்று ஒரு நரிக்குறவர் பெண் வீடியோவில் கொதித்தார். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பூதத்தாழ்வார் பிறந்த ஊர். பெருமாளே தரையில் படுத்திருக்கிறார், தரையில் இலை போட இடமில்லை. வீடியோ பரவியது. அறநிலையத் துறை அமைச்சர் வந்து அந்தப் பெண்ணோடு பந்தியில் உட்கார்ந்தார். தீபாவளியன்று முதலமைச்சர் பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்தார். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஒரு வேளைச் சோற்றுக்கு ஒரு வீடியோ, ஓர் அமைச்சர், ஒரு முதலமைச்சர். அடுத்த பந்திக்கு ஐ.நா. சபையைத்தான் கூப்பிட வேண்டும்.

அங்கிருந்து வடக்கே போனால் வடநெம்மேலி. 1978 முதல் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடக்கிறது. கண்ணாடி விரியனின் கழுத்தைப் பிடித்து, கண்ணாடிக் குப்பியின் வாயில் கட்டிய தோலில் பல்லைப் பதிய வைக்கிறார் ஒருவர். மஞ்சளாகச் சில சொட்டு. நம்மைப் பாம்பு கடித்தால் ஏற்றுகிற ஊசிமருந்து அந்தச் சொட்டிலிருந்து வருகிறது. 2023-ல் இருவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தோம், வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும். விஷம் எடுத்த பாம்பை வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டு, சில வாரத்தில் காட்டில் விட்டுவிடுகிறார்கள். பாம்புக்கு உள்ள அந்த வாரக்கணக்கு, ரேகைப் பதிவேட்டில் பெயர் ஏறிய குடும்பங்களுக்குக் கிடைத்ததில்லை.

2024 அக்டோபர் 3 அன்று, சுகன்யா சாந்தா என்ற பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில், சிறைக் கையேடுகளில் இருந்த சாதி விதிகளை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து விடுபட்ட சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாகப் பார்க்கிற விதிகளும் அதில் அடிபட்டன. கணக்கைப் பாருங்கள். ஓர்க்குக்கு விமோசனம் கிடைக்க 46 ஆண்டு. இந்தியக் குடிமகனுக்கு, அரசியல் சாசனம் வந்த பிறகு, 74 ஆண்டு. இத்தனைக்கும் ஓர்க்குக்கு ஓட்டுரிமை கிடையாது.