ஒரு புள்ளி வித்தியாசம்: மாண்புமிகு பதிப்பு எண் அவர்களுக்கு ஒரு மனு

அனுப்புநர்: மனுதாரர், கருணாபுரம், கள்ளக்குறிச்சி.

பெறுநர்: மாண்புமிகு பதிப்பு எண் அவர்கள், சகல லைப்ரரிகளிலும்.

பொருள்: கோடோ என்ஜின் 4.2.2-க்கும் எக்ஸ்டென்ஷன் 4.3-க்கும் இனிஷியல் பொருந்தாமை தொடர்பாக.

கோடோ என்ற விளையாட்டு என்ஜினுக்காக சி++ மொழியில் எழுதும் எக்ஸ்டென்ஷன் தனியே கம்பைல் ஆகி, விளையாட்டைத் திறக்கும் நேரத்தில்தான் என்ஜினோடு சேர்கிறது. சேரும் இடத்தில் மாண்புமிகு பதிப்பு எண் அவர்கள் வீற்றிருந்து இரு தரப்புத் தாள்களையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பெயர் ஒன்று, ஊர் ஒன்று, தகப்பனார் ஒருவர். ஒரு தாளில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால். அப்புறம் நடப்பதை ஆதார் எடுத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தங்கள் சமூகத்தின் விதி தெளிவானது. பழைய 4.x-க்குக் கட்டிய எக்ஸ்டென்ஷன் அடுத்தடுத்த 4.x-களில் ஓடும், புதியதற்குக் கட்டியது பழையதில் ஓடாது. விலக்கு ஒன்று உண்டு: 2023 மார்ச்சில் வந்த 4.0-க்குக் கட்டியது எதுவும் அதே ஆண்டு ஜூலையில் வந்த 4.1-இல் ஏறவில்லை. கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு இதெல்லாம் பழகியதுதான். 1993 வரை தென்னாற்காடு, பிறகு விழுப்புரம், 2019 நவம்பர் முதல் தனி மாவட்டம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் விழுப்புரம் என்றிருந்தால் இன்றைய ஜன்னல் ஏற்றுத்தான் ஆகவேண்டும். மேலே கல்வராயன் மலையோ, நாடு 1947-இல் புதிய பதிப்புக்கு மாறியும் 1976 வரை ஜாகீர்தார் பதிப்பிலேயே ஓடியது. அங்கே அப்டேட் ஏற்ற எவருக்கும் அவசரமில்லை.

மனுதாரரின் விளையாட்டும் அந்த மலையைப் பற்றியதே. கடுக்காய் மூட்டை ஏற்றிய வேன் ஒன்று கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக் கீழே வரவேண்டும். சக்கரத்தின் கணக்கெல்லாம் எக்ஸ்டென்ஷனில். கருணாபுரம் என்றதும் 2024 ஜூனில் விழுந்த கள்ளச்சாராயச் சாவுகளை மட்டுமே விசாரிப்பவர்களுக்கு அந்த ஊரிலிருந்து வேறொன்றைக் காட்டலாம் என்பதும் மனுதாரரின் உத்தேசத்தில் இருந்தது.

ஒரு போட்டி மேடையில், அங்கே கொடுத்த லேப்டாப்பில், திரையை விரித்துப் போட்டார்கள். மலை வந்தது. சாலை வந்தது. வேன் வரவில்லை. கீழே சிவப்பு எழுத்தில், 4.3.0-க்குக் கட்டிய எக்ஸ்டென்ஷனை அதைவிடப் பழைய 4.2.2-இல் ஏற்ற இயலாது என்ற உத்தரவு. முன் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, "வேன் எங்கண்ணா?" என்று கேட்டது.

தவறு எங்கே என்றால், இணைப்பு லைப்ரரியான கோடோ-சிபிபியில். அப்போது என்ஜின் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் அதில் ஒரு பிராஞ்ச் இருந்தது. ஒவ்வொரு பிராஞ்சிலும் அந்த என்ஜினின் மெத்தடுகளைப் பட்டியலிடும் ஏபிஐ ஜேசன் கோப்பு இருக்கும். ஒவ்வொரு மெத்தடுக்கும் அதில் ஒரு ஹாஷ் எண். மெத்தடுக்குக் கொடுக்கும் மதிப்புகளின் வகை மாறினால் ஹாஷும் மாறும். இனிஷியலுக்கு ஒரு கைரேகை என்று வைத்துக்கொள்ளலாம். மேடையில் இருப்பது 4.2 என்றால் 4.2 பிராஞ்சை எடுத்திருக்க வேண்டும். மனுதாரர் எடுத்தது 4.3. எக்ஸ்டென்ஷனோடு வரும் சிறு கோப்பில் குறைந்தபட்சப் பதிப்பு என்று ஒரு வரி உண்டு. அதில் மாதிரியைப் பார்த்து 4.1 என்று எழுதியிருந்தார். அது சுய உறுதிமொழி மட்டுமே. முதல் ஜன்னலில் என்ஜின் அதை நம்பி உள்ளே விட்டது. இரண்டாவது ஜன்னலில் எக்ஸ்டென்ஷனுக்குள்ளேயே இருந்த கோடோ-சிபிபி, அசல் இனிஷியலைப் பார்த்துத் திருப்பி அனுப்பியது.

வீட்டில் கம்பைல் ஆனபோது ஒரு சொல் வரவில்லை. வேலை முடிந்தது என்று கம்பைலை நடத்தும் கருவியான ஸ்கான்ஸ் கடைசி வரியில் எழுதியது. இருபது முறை கம்பைல் செய்தபோதும் அதையே எழுதியது. மனுவை வாங்கி, சீல் குத்தி, ரசீதும் கொடுத்துவிட்டு, ஊர் பார்க்கக் கூப்பிட்டு வைத்து இனிஷியல் தப்பு என்று முகத்தில் எறிவது என்ன நியாயம்? இரண்டு ராத்திரி தூக்கம் போனது ஒரு புள்ளிக்காக. எந்த என்ஜினில் ஏறப்போகிறோம் என்பது கம்பைலருக்குத் தெரியாது என்பதும் உண்மையே. தங்கள் சமூகத்தின் கருணையில் மனுதாரருக்கு இப்போதும் ஐயமில்லை.

4.2 பிராஞ்சில் மறுபடி கட்டியபின் அதே லேப்டாப்பில் அடுத்த உத்தரவு: ஜிலிப்சி 2.34 இல்லை. இது லினக்ஸின் சி லைப்ரரி, அதாவது பாட்டனாரின் இனிஷியல். வீட்டில் உபுண்டு 22.04, அதில் 2.35, மேடையில் 20.04, அதில் 2.31. 2021-இல் வந்த 2.34 முதல் திரெட் லைப்ரரி தனிக்குடித்தனத்தை விட்டு சி லைப்ரரியோடு சேர்ந்துவிட்டதால், புதிய உபுண்டுவில் கட்டியது பெரும்பாலும் அந்த எண்ணையே கேட்கும். எங்கெங்கே ஓட்டவேண்டுமோ அவற்றுள் மிகப் பழைய லினக்ஸில் கட்டுவதுதான் வழி.

எண்களை இரு மடங்கு இடத்தில் வைக்கும் டபுள் பிரிசிஷனில் மனுதாரர் கை வைக்கவில்லை. அதில் ஒரு வெக்டர்3 பிடிக்கும் இடமே 12 பைட்டிலிருந்து 24 ஆகிறது; என்ஜினும் எக்ஸ்டென்ஷனும் ஒரே அளவில் கட்டப்பட்டிருக்க வேண்டும். அங்கே இனிஷியல் போய், ஆளின் உயரமே பொருந்தாத கதை.

ஆகவே, எந்தப் பதிப்பில் ஓட்டப் போகிறீர்கள் என்று கம்பைல் தொடங்கும்போதே ஒரு வார்த்தை கேட்கும்படி ஆவன செய்யுமாறு மனுதாரர் பணிவுடன் வேண்டுகிறார்.

இணைப்பு: 4.2 பிராஞ்சில், உபுண்டு 20.04-இல் கட்டிய எக்ஸ்டென்ஷன் ஒன்று, சுய கையொப்பத்துடன். வேன் இப்போது வருகிறது. மூன்றாவது வளைவில் கவிழ்வது மனுதாரரின் சொந்தப் பிழை.