கூர் நிற்பது தோய்ச்சலில்

கேள்வி: பட்டறையில் அடித்து வாங்கிய கத்தி ஒரே மாதத்தில் மொக்கையாகிவிட்டது. பாட்டியின் அரிவாள்மணையோ இன்னும் பூசணியைப் பிளக்கிறது. ஏன்?
– ஒரு வாசகி, மானாமதுரை

பதில்: முதலில் இரும்பின் ஜாதகத்தைப் பாருங்கள்! சாதா இரும்பில் கார்பன் 0.25 சதவீதத்துக்குள்தான். அதை விடிய விடிய அடித்தாலும் கூர் நிற்காது. லாரி ஸ்பிரிங் பட்டையில் 0.6 சதவீதம் அளவுக்கு இருக்கும். கொல்லர்கள் அதைத் தேடிப் போவது அதனால்தான்.

அடுத்தது தோய்ச்சல். காய்ச்சிய இரும்பில் காந்தம் ஒட்டாமல் போகும் கட்டம் சுமார் 770 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் இன்னும் சற்றுச் சூடேற்றி எண்ணெயில் முக்க வேண்டும். அளவுக்கு மீறிக் காய்ச்சினால் உள்ளே மணிகள் பெருத்து, கத்தி பட்டென்று உடையும். உலைக்களம் நிழலும் இருட்டுமாக இருப்பது நல்லது: வெயிலில் அந்தச் சிவப்பின் பக்குவம் கண்ணுக்குப் பிடிபடாது.

எண்ணெயிலிருந்து எடுத்த கத்தியில் அரம் வைத்தால் வழுக்கும். அவ்வளவு கடினம், கீழே விழுந்தால் உடைந்தே போகலாம். அதனால் மறுபடி இளஞ்சூடு காட்ட வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் வைக்கோல் நிறம் படரும். அது 220 டிகிரி அளவு. சமையல் கத்தியை அங்கேயே நிறுத்தத் தெரிந்தவர் கைதேர்ந்த கொல்லர், அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். நீலம் ஏறினால் கூர் போச்சு!

சாணை பிடிக்கும்போதும் அந்த நீலம் வரும். மெஷின் சக்கரத்தில் வைக்கிறவரிடம், அடிக்கடி தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள்.